பக்கத்துக் கடை எது? ஹோல் ஃபுட்ஸும் சூழல் ஆய்வும்

மேலாண்மைப் படிப்பில் வணிகச் சூழல் ஆய்வு என்று ஒரு பயிற்சி உண்டு. ஆறு கட்டம் போட்டு அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், சட்டம் என்று நிரப்ப வேண்டும். அடுத்த பக்கத்தில், ஒரு துறையின் போட்டியை எடைபோட மேலாண்மை அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1979-இல் வகுத்த ஐந்து விசைகள்: இருக்கும் போட்டியாளர், புதிதாக நுழைபவர், மாற்றுப் பொருள், வாங்குபவர், சரக்கு தருபவர். அதற்கடுத்து பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். இந்தப் பயிற்சிக்கு மாணவர்கள் விரும்பி எடுக்கும் நிறுவனங்களில் ஒன்று, அமெரிக்காவின் ஆரோக்கிய உணவு அங்காடியான ஹோல் ஃபுட்ஸ் மார்க்கெட். எழுத வாகானது, கட்டங்கள் தாமாகவே நிரம்பிவிடும். 'இத்துறையில் போட்டி கடுமையாக உள்ளது' என்ற வாசகமும் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்தத் துறை, யாரோடு போட்டி என்று திருப்பிக் கேட்டால்தான் சிக்கல்.

அந்தக் கேள்வியை ஒருமுறை அமெரிக்க அரசே ஹோல் ஃபுட்ஸிடம் கேட்டது, அதுவும் நீதிமன்றத்தில் நிறுத்தி வைத்து.

2007 பிப்ரவரியில் ஹோல் ஃபுட்ஸ், கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட வைல்ட் ஓட்ஸ் என்ற சங்கிலிக் கடை நிறுவனத்தை வாங்கப்போவதாக அறிவித்தது. விலை சுமார் 56.5 கோடி டாலர். வைல்ட் ஓட்ஸிடம் 110 கடைகள் வரை இருந்தன. ஹோல் ஃபுட்ஸிடம் ஏறத்தாழ 200. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் மத்திய வர்த்தக ஆணையம் குறுக்கே வந்தது. 'உயர்தர இயற்கை, ஆர்கானிக் சூப்பர்மார்க்கெட்' என்பது தனிச் சந்தை, அதில் நாடு தழுவி இருப்பவர்கள் நீங்கள் இருவர்தான், ஒருவர் மற்றவரை விழுங்கினால் விலை ஏறும் என்பது ஆணையத்தின் வாதம். ஹோல் ஃபுட்ஸ் மறுத்தது. தக்காளியும் பாலும் எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன, எங்களுக்குப் போட்டி சேஃப்வே, க்ரோகர், வால்மார்ட், ட்ரேடர் ஜோஸ் எல்லோரும்தான் என்றது.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நிறுவனத்தின் தலைவர் ஜான் மேக்கி இயக்குநர் குழுவுக்கு எழுதிய மின்னஞ்சல் ஒன்று ஆணையத்தின் கையில் இருந்தது. பெரிய நிறுவனம் ஏதேனும் இந்தத் துறைக்குள் குதிக்க நினைத்தால் அதற்கு ஏற்ற பெயரும் கடை எண்ணிக்கையும் வைல்ட் ஓட்ஸிடம் மட்டுமே உள்ளன, அதை நாம் வாங்கிவிட்டால் அந்த ஆபத்து என்றென்றைக்கும், அல்லது ஏறக்குறைய என்றென்றைக்கும் ஒழியும் என்று அதில் அவர் எழுதியிருந்தார். போதாக்குறைக்கு அதே கோடையில் இன்னொன்றும் வெளியே வந்தது. மனைவியின் பெயரான டெபோரா என்பதன் எழுத்துகளை மாற்றிப் போட்டு 'ரஹோடெப்' என்ற புனைபெயரில், யாஹூவின் பங்குச்சந்தை விவாதப் பக்கத்தில் பல ஆண்டுகளாகத் தன் நிறுவனத்தைப் புகழ்ந்தும் வைல்ட் ஓட்ஸைத் தாழ்த்தியும் அவர் எழுதிவந்திருக்கிறார். வியூகம் வகுப்பவர்களுக்கும் வீண்வம்பு உண்டு.

மாவட்ட நீதிமன்றம் ஹோல் ஃபுட்ஸ் பக்கம் சாய்ந்தது. 2007 ஆகஸ்ட் 28 அன்று கொள்முதல் முடிந்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவைப் புரட்டியது. எங்கு மலிவோ அங்கு வாங்குபவர்கள் இருக்கலாம், ஆனால் இந்தக் கடையை விட்டால் வேறு கடைக்குப் போகாத விசுவாசமான வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள், அவர்களை வைத்துத் தனிச் சந்தை என்று கருத இடமுண்டு என்று அந்த நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2009 மார்ச்சில் சமரசம்: 32 கடைகளையும் வைல்ட் ஓட்ஸ் என்ற வணிகப் பெயரையும் விற்றுவிட வேண்டும். அந்தப் பெயருக்குப் பிறகு என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் வாசிப்பில் இந்த வழக்கின் சுவாரசியம் தீர்ப்பில் இல்லை. ஒரே கடைக்கு இங்கே இரண்டு வரைபடங்கள் இருந்தன. முதலாவதில் ஹோல் ஃபுட்ஸ் ஒரு சின்ன நாட்டின் ராஜா. இரண்டாவதில் வால்மார்ட், க்ரோகர் போன்ற யானைகளுக்கு நடுவே ஓர் ஆட்டுக்குட்டி. நீதிமன்றத்தில் இரண்டாவது வரைபடத்தைக் காட்டி வாதாடிய நிறுவனம், கடை நடத்தும்போது முதலாவதை நம்பியே நடந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் அதற்கு நேர்ந்ததில் பெரும்பகுதி இந்த முரண்பாட்டிலிருந்து வந்தது.

முதல் வரைபடம் பொய்யென்று சொல்லிவிட முடியாது. கால் நூற்றாண்டு காலம் அது உண்மையாகவே இருந்தது. 1978-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் மேக்கியும் அவருடைய தோழி ரெனே லாசனும் உறவினரிடமும் நண்பரிடமும் 45,000 டாலர் புரட்டி ஒரு சைவக் கடை திறந்தார்கள். சேஃப்வேயைக் கேலி செய்யும் விதத்தில் பெயர் 'சேஃபர்வே'. கடைச் சரக்கை வீட்டில் அடுக்கியதற்காக வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, கடையிலேயே தங்கி, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாயில் குளித்தார்கள் என்பது நிறுவனம் தானே சொல்லும் கதை. 1980 செப்டம்பர் 20 அன்று இன்னொரு சிறு இயற்கை அங்காடியோடு சேர்ந்து ஹோல் ஃபுட்ஸ் பிறந்தது. பத்தாயிரம் சதுர அடிக்குச் சற்று மேல், 19 ஊழியர்கள். புதுக்கடையில் இறைச்சி, மது, காபி எல்லாம் விற்றார்கள். கொள்கைக்காரர்கள் முகம் சுளித்திருப்பார்கள். ஆனால் ஒரு குடும்பம் வாரச் சாமான் முழுவதையும் ஒரே இடத்தில் வாங்கிப் போக முடிந்தது அப்போதுதான்.

மறு ஆண்டு மே மாதம் ஆஸ்டினில் பெருவெள்ளம். கடைக்குள் எட்டடி தண்ணீர். சுமார் 4 லட்சம் டாலர் நஷ்டம், காப்பீடு கிடையாது. வாடிக்கையாளர்களும் அக்கம்பக்கத்தாரும் வாளியும் துடைப்பமுமாக வந்து சேற்றை அள்ளினார்கள். 28 நாளில் கடை மறுபடி திறந்தது. பலம் என்ற கட்டத்தில் மாணவர்கள் 'வலுவான வணிகப் பெயர்' என்று எழுதுகிறார்களே, அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இந்தத் துடைப்பங்களைப் பார்க்க வேண்டும்.

அந்த விசுவாசத்துக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. ஒரு ஆர்கானிக் கேரட்டையும் சாதாரண கேரட்டையும் பக்கத்தில் வைத்தால் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. சமைத்துத் தின்றாலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பூச்சிமருந்து அடித்தார்களா என்பது விளைவித்தவருக்கு மட்டுமே தெரியும். தின்ற பிறகும் சரிபார்க்க முடியாத இத்தகைய சரக்கை வாங்குபவர், சரக்குக்குக் கொடுக்கும் விலையோடு கடைக்காரரின் வாக்குக்கும் ஒரு விலை சேர்த்துக் கொடுக்கிறார். எண்பதுகளில் அமெரிக்காவில் ஆர்கானிக் என்ற சொல்லுக்கு மாநிலத்துக்கு ஒரு விளக்கம், சான்றளிக்கும் அமைப்புக்கு ஒரு விளக்கம் இருந்தது. அந்தக் குழப்பத்தில் ஹோல் ஃபுட்ஸின் கொள்முதல்காரர் பார்த்து எடுத்த சரக்கு என்பதே ஒரு சான்றிதழ். எந்தெந்தச் சேர்க்கைப் பொருள் தன் அலமாரிக்கு வரக்கூடாது என்று கடை ஒரு பட்டியல் வைத்திருந்தது. பின்னாளில் அது 300-க்கும் மேல் நீண்டது. க்ரோகர் போன்ற கடைகள் நூறு டாலருக்கு விற்றால் சரக்கின் அடக்கவிலை போக 20, 22 டாலர் மிஞ்சும். ஹோல் ஃபுட்ஸுக்கு 35 டாலர் வரை மிஞ்சியது. இடையிலுள்ள அந்தப் பதின்மூன்று டாலரில் பெரும்பங்கு நம்பிக்கைக்குக் கிடைத்த கூலி.

இனிதான் சட்டம் என்ற கட்டத்துக்கு வருகிறோம். 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆர்கானிக் உணவு உற்பத்திச் சட்டத்தை இயற்றியது. விதிகள் எழுதவே பத்தாண்டு பிடித்தது. 1997 இறுதியில் வேளாண் துறை வெளியிட்ட முதல் வரைவு, மரபணு மாற்றுப் பயிருக்கும் கழிவுநீர்ச் சேற்று உரத்துக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது. இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் எழுந்து, வரைவைத் துறை திரும்பப் பெற நேர்ந்தது. திருத்திய விதி 2002 அக்டோபர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் நாடு முழுவதற்கும் ஒரே விளக்கம், ஒரே முத்திரை. பொருளில் 95 விழுக்காடாவது ஆர்கானிக்காக இருந்தால்தான் வேளாண் துறையின் அந்த வட்ட முத்திரையைப் பொட்டலத்தில் அச்சிடலாம். இந்தத் தரங்களைப் பரிந்துரைத்த தேசிய வாரியத்தில் ஹோல் ஃபுட்ஸ் நிர்வாகி ஒருவரும் அங்கம் வகித்தார்.

மாணவர்கள் இதை 'வாய்ப்பு' என்ற கட்டத்தில் போடுவார்கள். சில ஆண்டுகளுக்கு அது சரிதான். முத்திரை வந்தபின் விவசாயிகள் பெருகினார்கள், சரக்கு வரத்து கூடியது, ஹோல் ஃபுட்ஸ் கொழித்தது. ஆனால் முத்திரை என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். கடைக்காரரின் வாக்கை அரசாங்கத்தின் வாக்காக மாற்றியது. முத்திரை போட்ட பால் ஹோல் ஃபுட்ஸிலும் அதே பால், காஸ்ட்கோவிலும் அதே பால். நம்பிக்கைக்கென்று கடைக்காரர் தனிக்கூலி கேட்க இனி முகாந்திரம் இல்லை. ஹோல் ஃபுட்ஸ் தான் வாழ்ந்த மதிலைத் தானே கதவாக மாற்றிக் கொடுத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். பொதுவான தரம் இல்லாமல் அத்தனை கடைகளுக்குச் சரக்குப் பிடித்திருக்க முடியாது. ஒரே சட்டம் முதல் பத்தாண்டில் வாய்ப்பாகவும் அடுத்த பத்தாண்டில் அச்சுறுத்தலாகவும் இருக்கும் என்பதை எழுத அந்தக் கட்டத்தில் இடம் இல்லை என்பதுதான் என் குறை.

கதவு வழியாக எல்லோரும் வந்தார்கள். 2006-இல் வால்மார்ட் ஆர்கானிக் வகைகளை அதிகரிப்பதாக அறிவித்தது. அந்தக் காலத்திலேயே சேஃப்வே தன் சொந்தப் பெயரில் ஆர்கானிக் வரிசை ஒன்றைத் தொடங்கியிருந்தது. 2012-இல் க்ரோகர் 'சிம்பிள் ட்ரூத்' என்ற பெயரில் இறங்கியது. இரண்டு ஆண்டில் அதன் விற்பனை 100 கோடி டாலர். 2015-இல் காஸ்ட்கோவின் ஆர்கானிக் விற்பனை 400 கோடி டாலரைத் தாண்டியது. இவர்களில் ஒருவருக்கும் உள்ளே நுழைய வைல்ட் ஓட்ஸ் என்ற படிக்கட்டு தேவைப்படவில்லை. இருக்கும் கடையில் ஓர் அலமாரியை ஒழித்து, முத்திரை போட்ட பொட்டலங்களை அடுக்கினார்கள், அவ்வளவுதான். போர்ட்டரின் 'புதிதாக நுழைபவர்' என்ற விசை, துறையின் எல்லையைக் கடை என்று வகுத்தால் வலுவற்றது. அலமாரி என்று வகுத்தால் மிக வலுவானது.

இந்த அரிப்பு வெளியே தெரியவில்லை என்பதுதான் ஆபத்து. ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். முன்பு வாரச் சாமான் முழுவதும் ஹோல் ஃபுட்ஸில். இப்போது ஆர்கானிக் பாலும் முட்டையும் காஸ்ட்கோவில், கீரையும் தயிரும் க்ரோகரில். பாலாடைக் கட்டிக்கும், சமைத்து வைத்த சாப்பாட்டுக்கும், சனிக்கிழமைக் காபிக்கும் இன்னமும் ஹோல் ஃபுட்ஸ். ஆய்வாளர் வந்து கேட்டால் 'எங்கள் கடை ஹோல் ஃபுட்ஸ்' என்றுதான் சொல்வார்கள். வாடிக்கையாளர் போகவில்லை, கூடை சுருங்கிவிட்டது. 2013-இல் சதுர அடிக்கு ஆண்டுக்கு 900 டாலருக்கு மேல் விற்று, பங்கு விலையும் உச்சத்தில் இருந்த நிறுவனம் அதன்பின் இறங்குமுகம் கண்டது. 2017-க்குள் பழைய கடைகளின் விற்பனை ஆறு காலாண்டுகள் தொடர்ந்து சரிந்தது. அந்த பிப்ரவரியில் ஒன்பது கடைகளை மூடப்போவதாகச் சொல்லி, 1,200 கடை என்ற இலக்கையும் கைவிட்டார்கள்.

விலை உயர்ந்த கடை என்ற பெயர் முன்பே இருந்தது. ஹோல் ஃபுட்ஸ் என்பதைத் திரித்து, முழுச் சம்பளம் என்ற பொருள்பட 'ஹோல் பேசெக்' என்று அமெரிக்கர்கள் கேலி செய்வார்கள். 2015 கோடையில் கலிஃபோர்னியாவின் ஒரு கிளையில், புட்டித் தண்ணீரில் மூன்று அஸ்பாரகஸ் தண்டுகளைப் போட்டு 5.99 டாலருக்கு வைத்திருந்தார்கள். படம் ஊரெல்லாம் பரவியது. தவறாகச் செய்தது என்று நிறுவனம் எடுத்துவிட்டது. அது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. அதே கோடையில் நியூயார்க் நகரத்தின் நுகர்வோர் துறை சொன்னது அப்படியில்லை. முன்கூட்டியே பொட்டலம் கட்டிய 80 வகைப் பொருள்களை எடை போட்டுப் பார்த்தபோது எல்லாவற்றிலும் எடை தவறாகக் குறிக்கப்பட்டிருந்ததாக அது அறிவித்தது. தேங்காய்ப் பூ தூவிய இறால் பொட்டலம் ஒன்றில் மட்டும் 14.84 டாலர் கூடுதல். மேக்கியும் அப்போது அவரோடு பதவியைப் பகிர்ந்திருந்த இன்னொரு தலைமை நிர்வாகியும் காணொளியில் தோன்றித் தவறு நேர்ந்ததாக ஒப்புக்கொண்டார்கள். வழக்கு 5 லட்சம் டாலரில் சமரசமானது. பணம் பெரிதில்லை. வாக்கை விற்றுப் பிழைத்த கடை தராசில் கை வைத்தது என்ற பேச்சு வந்தால் அதை எந்த விளம்பரத்தால் கழுவுவது?

விலையைக் குறைக்க முயலாமலும் இல்லை. 2016 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் '365' என்ற பெயரில் சிறிய, மலிவான கிளைகளைத் தொடங்கினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மலிவுக்குச் செலவைக் குறைக்க வேண்டும். செலவைக் குறைக்கக் கொள்முதலை ஒரே இடத்தில் குவிக்க வேண்டும். ஹோல் ஃபுட்ஸின் உடலமைப்பு இதற்கு நேர்மாறானது. வட்டாரம்தோறும் தனிக் கொள்முதல், உள்ளூர்ப் பண்ணைகளைத் தேடி அலைவதற்கென்றே ஆட்கள், புதிதாகச் சேர்ந்தவர் நீடிக்கலாமா என்று உடன் வேலை செய்யும் குழுவே வாக்களிக்கும் வழக்கம். இந்தச் சுதந்திரம்தான் ஒவ்வொரு கடைக்கும் ஒரு முகம் கொடுத்தது. அதுவே செலவையும் ஏற்றியது. பலமும் பலவீனமும் ஒரே பொருளாக இருந்தால் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சரக்கு தருபவரின் பக்கமும் ஒரு முடிச்சு உண்டு. ஹோல் ஃபுட்ஸின் முதன்மை விநியோகஸ்தர் யுஎன்எஃப்ஐ என்ற நிறுவனம். ஒரு கட்டத்தில் அதன் விற்பனையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஹோல் ஃபுட்ஸுக்கே போனது. பாடநூல் கணக்குப்படி வாங்குபவர் கை ஓங்கியிருக்க வேண்டும். 2025 ஜூனில் யுஎன்எஃப்ஐயின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு ஆளானபோது, ஹோல் ஃபுட்ஸின் அலமாரிகள் பல ஊர்களில் காலியாகக் கிடந்தன. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடப்பவர்களில் யார் கை ஓங்கியது என்பதைக் கால் வழுக்கும்போதுதான் பார்க்க முடியும்.

2017 ஏப்ரலில் ஜானா பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 8.8 விழுக்காடு பங்கு வாங்கிவிட்டு, நிர்வாகத்தை மாற்று அல்லது விற்றுவிடு என்று நெருக்கியது. ஜூன் 16 அன்று அமேசான் வந்தது: பங்குக்கு 42 டாலர், மொத்தம் 1,370 கோடி டாலர். அன்று பங்குச்சந்தையில் நடந்ததை நான் பத்தாண்டு தாமதமாக வந்த தீர்ப்பு என்பேன். வாங்கப்பட்டது ஒரு ஆரோக்கிய உணவுக் கடை. சரிந்தது க்ரோகர் (ஏறத்தாழ 9 விழுக்காடு), காஸ்ட்கோ, டார்கெட், வால்மார்ட் பங்குகள். எல்லாம் ஒரே சந்தை என்று 2007-இல் ஹோல் ஃபுட்ஸ் நீதிமன்றத்தில் வாதாடியதை முதலீட்டாளர்கள் ஒரே பகலில் ஏற்றுக்கொண்டார்கள். முன்பு இரண்டு ஆண்டு இழுத்த அதே வர்த்தக ஆணையம், இம்முறை சுமார் இரண்டு மாதத்தில் வழிவிட்டது. ஆகஸ்ட் 28 அன்று கொள்முதல் முடிந்தது. வைல்ட் ஓட்ஸை விழுங்கிய அதே தேதி, சரியாகப் பத்து ஆண்டு கழித்து. முதல் நாளே வாழைப்பழம், அவகாடோ, சால்மன் மீன் விலையைக் குறைத்தார்கள். 365 கிளைத் திட்டம் 2019 ஜனவரியில் கைவிடப்பட்டது. பெரிய கடையே விலையைக் குறைக்கும்போது சின்னக் கடை எதற்கு?

இதே கேள்விக்கு வேறு விடை கண்டவரும் உண்டு. அரிசோனாவில் 2002-இல் பிறந்த ஸ்ப்ரவுட்ஸ், பழம் காய்கறியை மலிவாக விற்றுச் சூப்பர்மார்க்கெட்டுகளோடு மல்லுக்கட்டி வளர்ந்த நிறுவனம். 2019-க்குப் பிறகு அந்த மல்லுக்கட்டலைக் குறைத்துக்கொண்டது. தள்ளுபடித் துண்டறிக்கைகளை வெட்டியது, கடைகளைச் சிறிதாக்கியது, கீட்டோ, பேலியோ என்று தனிப்பட்ட உணவு முறையைப் பின்பற்றுபவர்களைக் குறிவைத்தது. அந்தச் சொற்களுக்கு அரசு முத்திரை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று பொறுக்கித் தரும் கடைக்காரருக்கு அங்கே இன்னும் கூலி இருக்கிறது. 2024-இல் 440 கடைகளில் அதன் விற்பனை சுமார் 770 கோடி டாலர்.

வைல்ட் ஓட்ஸ் பெயருக்கு வருவோம். சமரசப்படி விற்கப்பட்ட அந்தப் பெயர் கைமாறி, 2014 ஏப்ரலில் ஒரு பெரிய கடையின் அலமாரிக்கு வந்து சேர்ந்தது. பெரிய நிறுவனம் எதன் கையிலும் சிக்கிவிடக் கூடாது என்று மேக்கி மின்னஞ்சலில் அஞ்சிய அதே பெயர், வால்மார்ட்டில், மற்ற ஆர்கானிக் பொருள்களைவிட நான்கில் ஒரு பங்கு குறைந்த விலையில். இரண்டே ஆண்டில் வால்மார்ட்டும் அதைக் கைவிடத் தொடங்கியது. அதனிடம் 'கிரேட் வேல்யூ' என்ற தன் சொந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பொட்டலத்திலும் வேளாண் துறையின் முத்திரையை அச்சிட முடிந்தது.